பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு

அன்புள்ள அக்கா,

நாங்கள் ஹற்றனில் இருக்கிறோம். கணவர் அரச வங்கியொன்றில் வேலை செய்கிறார். வரும் ஜனவரியில் இருந்து அவருக்குத் திருகோணமலைக்கு இடமாற்றம். மகள் 4ஆம் தரம், வரும் வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. மகன் இப்போது பாலர் பாடசாலையில். மாமியும் எங்களோடுதான் வருகிறார், அவருக்கு நீரிழிவு.

வீடு பார்த்துத் தருபவர் ஒருவர், "பெரிய பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு எடுங்கள், மகனுக்கு இடம் நிச்சயம்" என்கிறார். வாடகை எங்கள் சக்திக்கு மிஞ்சியது. உவர்மலை நல்லது என்று சிலர், உப்புவெளி போங்கள் என்று சிலர், பாலையூற்றுப் பக்கம் வாடகை குறைவு என்று சிலர். நம்முடைய ஆட்கள் இருக்கிற இடமாகப் பார் என்கிறார் அம்மா. மகளைப் பரீட்சை முடியும்வரை இங்கேயே விடலாமா என்றும் யோசிக்கிறோம். அந்த ஊரில் எங்களுக்கு யாரையும் தெரியாது. உங்கள் கருத்தை எழுதுவீர்களா?

ஒரு வாசகி, ஹற்றன்

*

அன்புள்ள தங்கச்சி,

முதலில் அந்த "நிச்சயம்" என்ற சொல்லைப் பற்றிக் கதைப்போம். உங்கள் குடும்பத்தின் பணம் அதில்தான் தொங்குகிறது.

இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமாக வருகிற பாடசாலைகளில் 1ஆம் தரத்துக்குப் பிள்ளைகளை எடுப்பது கல்வி அமைச்சின் சுற்றுநிருபப்படி. அயலில் வசிப்போரின் பிள்ளைகளுக்குப் பாதி இடம், அதாவது 50 சதவீதம். பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25 சதவீதம். மிச்சம் ஏற்கெனவே படிக்கிற பிள்ளைகளின் சகோதரர்கள் உட்படப் பல பிரிவுகளுக்குப் பிரிந்து போகும். பாதி இடம் அயலவருக்கு என்றதும், பக்கத்தில் வீடு எடுத்தால் போதும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அயலவர் என்பதை அவர்கள் அளப்பது வேறு விதம். பெற்றோரின் பெயர் அந்த முகவரியில் வாக்காளர் இடாப்பில் எத்தனை வருடம் இருக்கிறது என்று ஐந்து வருடம் பின்னோக்கிப் பார்ப்பார்கள். காணி உறுதியுள்ள சொந்த வீட்டுக்குக் கிடைக்கும் புள்ளி வாடகை வீட்டுக்குக் கிடைக்காது. இதைவிட முக்கியமானது, நீங்கள் கேட்கும் பாடசாலையைவிட உங்கள் வீட்டுக்குக் கிட்ட வேறு பாடசாலைகள் இருந்தால் அதற்கும் புள்ளி கழியும். திருமலை நகரம் இரண்டு பக்கமும் கடல் சூழ்ந்த ஒரு நெருக்கமான இடம். புனித சூசையப்பர் கல்லூரி 1867இலும், இந்துக் கல்லூரி 1897இலும், ஶ்ரீ சண்முகா மகளிர் கல்லூரி 1923இலும் தொடங்கியவை. இவற்றோடு புனித மரியாள், மெதடிஸ்த பெண்கள், விக்னேஸ்வரா என்று நடந்து போகிற தூரத்தில் ஒன்றுக்கொன்று பக்கமாகப் பாடசாலைகள். ஒன்றுக்கு அருகில் வீடு எடுத்தாலும் இன்னொன்று குறுக்கே நிற்கும்.

ஜனவரியில் வந்து வாடகைக்குக் குடியேறும் ஒரு குடும்பத்துக்கு இந்தக் கணக்கில் என்ன கிடைக்கும் என்று நீங்களே பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், இரண்டு அறை வீட்டுக்கு இரு மடங்கு வாடகை கொடுத்து, ஒரு பாடசாலையின் மணிச் சத்தம் கேட்கிற தூரத்தில் குடியிருந்தது. நேர்முகத் தேர்வில் அவர்களுக்குக் கிடைத்த புள்ளி காத்திருப்போர் பட்டியலுக்கே போதவில்லை. அந்த வாடகையைக் கட்டுவதற்காகத் தாய் நகையை அடகு வைத்ததுதான் எனக்கு இன்றும் மனதை வருத்துகிறது.

உங்களுக்கு உண்மையில் பொருந்தக்கூடிய பிரிவு வேறு. சேவையின் தேவை கருதி இடமாற்றம் பெறுகிற அரச உத்தியோகத்தர், கூட்டுத்தாபனம், அரச வங்கி போன்றவற்றில் வேலை செய்வோரின் பிள்ளைகளுக்கு என்று ஒரு சின்னப் பங்கு இருக்கிறது. தானாகக் கேட்டு வாங்கிய இடமாற்றம் அதற்குள் வராது. கணவரின் கடிதத்தில் அந்த வாசகம் எப்படி இருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். தெளிவில்லாவிட்டால் அலுவலகத்தில் கேட்டுத் தெளிவான கடிதம் வாங்குங்கள். விண்ணப்ப அறிவித்தல் பெரும்பாலும் முந்திய வருடத்தின் நடுப்பகுதியில் வரும். விதிகளும் புள்ளிகளும் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மாறும், அதனால் அந்தந்த வருடச் சுற்றுநிருபத்தை நீங்களே வாசியுங்கள். வேறு யாரும் சொல்வதை நம்பவேண்டாம், என்னையும் சேர்த்து.

இன்னொன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வேறொருவர் வீட்டு முகவரியில் பெயரைப் பதிந்து தருகிறோம், காசு கொடுத்தால் கடிதம் எடுத்துத் தருகிறோம் என்று உங்களிடம் யாராவது வருவார்கள். வேண்டாம். அகப்பட்டால் பிள்ளையை நீக்குவார்கள் என்பது ஒரு பக்கம். ஐந்து வயதுப் பிள்ளையிடம், "ஆராவது கேட்டால் நாங்கள் இந்த வீட்டில்தான் இருக்கிறோம் என்று சொல்லு" என்று சொல்லிக் கொடுக்கிற தாய் தகப்பனை நான் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்து வாசலில் அந்தப் பிள்ளை படிக்கிற முதல் பாடம் பொய். அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பொறுக்குதில்லை.

1ஆம் தரத்தில் தவறினால் எல்லாம் போயிற்று என்று பெற்றோர் நடுங்குவதற்குக் காரணம், அது ஒன்றுதான் வாசல் என்று நினைப்பது. எங்கள் கல்வி முறையில் மூன்று வாசல் இருக்கிறது. 1ஆம் தரம் ஒன்று. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிறகு 6ஆம் தரத்துக்கான அனுமதி இரண்டாவது. க.பொ.த. சாதாரண தரம் முடிந்து, பெறுபேற்றை வைத்து உயர்தரத்துக்கு எடுப்பது மூன்றாவது. பெரிய பாடசாலையின் ஆய்வுகூடமும் விஞ்ஞான ஆசிரியர்களும் உண்மையில் தேவைப்படுவது அந்தக் கடைசிக் கட்டத்தில். முதல் ஐந்து வருடம் பிள்ளைக்குத் தேவை தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரு வகுப்பாசிரியர், நடந்து போகக்கூடிய தூரம், பின்னேரம் விளையாட அதே வகுப்பில் படிக்கிற இரண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். சின்ன மாகாணப் பாடசாலைகளில் இந்த மூன்றும் கிடைக்கும். வகுப்பில் பிள்ளைகள் குறைவு என்பதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளைக்கு அதைவிட நல்லது என்ன?

மகளின் விடயம் கொஞ்சம் சிக்கலானது. 5ஆம் தரம் போன்ற இடைநிலை வகுப்புக்கு இடம் கிடைப்பது வெற்றிடம் இருந்தால் மட்டும்தான். அதனால் எந்தப் பாடசாலை எடுக்கிறது என்று எழுத்தில் கிடைக்கும் முன் ஹற்றனில் விடுகைப் பத்திரம் வாங்கிவிடாதீர்கள். முதலில் வலயக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள், எந்தப் பாடசாலையில் 5ஆம் தரத்தில் இடம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். அவளைப் பரீட்சை முடியும்வரை அங்கே விடுவது பற்றிக் கேட்டீர்கள். அதற்கு நியாயம் உண்டு: பழகிய ஆசிரியர், பழகிய வகுப்பு. உதவிப்பணத்துக்கான வெட்டுப்புள்ளியும் மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு என்பதால் சிலர் அதையும் கணக்குப் பார்ப்பார்கள். ஆனாலும் என் மனம் அதற்கு ஒப்பவில்லை. குடும்பம் இரண்டாகப் பிரிந்திருப்பது தன் பரீட்சைக்காக என்று பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். அந்தப் பாரத்தையும் சுமந்துகொண்டு அவள் மண்டபத்துக்குள் போவாள். ஜனவரியில், வகுப்புத் தொடங்கும் நாளில், எல்லோரும் சேர்ந்து வாருங்கள். வருடத்தின் நடுவில் மட்டும் மாற்றாதீர்கள்.

இனி இடம். நீங்கள் 1,200 மீற்றருக்கு மேல் குளிரில் வாழ்ந்தவர்கள். இங்கே வைகாசி தொடங்கி ஆவணி மட்டும் கச்சான் காற்று அனலாக வீசும், வெயில் 35 பாகையைத் தொடும். பள்ளிக்கூடம் விடுவது 1.30க்கு, அதாவது வெயில் உச்சியில் நிற்கிற நேரம். வீடு பார்க்க வருகிறவர்கள் காலையில் வந்து, கடற்காற்று வாங்கி, "நல்ல இடம்" என்று முற்பணம் கொடுத்துவிடுகிறார்கள். நீங்கள் மதியம் ஒன்றரைக்குப் பள்ளிக்கூட வாசலில் இருந்து அந்த வீட்டுக்கு நடந்து பாருங்கள். வழியில் நிழல் இருக்கிறதா, பிரதான வீதியைக் கடக்க வேண்டுமா, கடக்கிற இடத்தில் பொலிஸ் நிற்கிறதா? கண்டி வீதியில் கனரக வாகனங்கள். நிலாவெளி வீதியில் வேகம் அதிகம். சைக்கிளில் போகிற பிள்ளைக்கு இது வாடகையைவிடப் பெரிய விடயம்.

உவர்மலை மேடான இடம், மாரியில் வெள்ளம் நிற்கிற பயம் குறைவு. விவேகானந்தா கல்லூரி அங்கேயே இருக்கிறது. மாகாண அலுவலகங்கள் பல அங்கு இருப்பதால் வாடகை ஏறித்தான் இருக்கும். உப்புவெளியும் அலஸ்தோட்டமும் அழகான கரை. ஆனால் வைகாசி முதல் புரட்டாதி வரை உல்லாசப் பயணிகளின் சீசன். நாள் வாடகைக்கு விட்டால் மாத வாடகையைவிடக் கூட வருமானம் வரும் என்று வீட்டுக்காரர் நினைத்தால், பள்ளிக்கூட வருடத்தின் நடுவில் நீங்கள் வீடு தேட நேரும். முழு வருடத்துக்கும் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். கரையோரக் கிணறுகள் வறட்சியில் உவர்க்கும், ஆகவே கந்தளாய்க் குளத்தில் இருந்து வருகிற குழாய்த் தண்ணீர் அந்த வீட்டுக்கு இருக்கிறதா, எந்த நேரத்தில் வருகிறது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. கடலுக்கு மிகக் கிட்ட என்றால், 2004 டிசம்பர் 26 அன்று தண்ணீர் எதுவரை வந்தது என்றும் கேளுங்கள். அயலவர்கள் கை காட்டிச் சொல்வார்கள்.

பாலையூற்று, அன்புவழிபுரம், செல்வநாயகபுரம் பக்கத்தை நான் முதல் வருடத்துக்குப் பரிந்துரைப்பேன். வாடகை தாங்கக்கூடியது, அயல் அயலாகப் பழகும் சனம், நகரத்துக்கு பஸ்ஸும் ஓட்டோவும் உண்டு. ஒழுங்கைக்கு ஒழுங்கை வித்தியாசம் இருக்கும். பள்ளமான வளவுகளில் ஐப்பசி தொடங்கித் தை வரையான மழைக்குத் தண்ணீர் நிற்கும், தண்ணீர் நின்றால் நுளம்பு, நுளம்பென்றால் டெங்கு. 2017இல் இந்த மாவட்டம், விசேடமாகக் கிண்ணியா, டெங்கினால் பட்ட பாட்டை நாங்கள் மறக்கவில்லை. வடிகானைப் பார்த்துவிட்டு வீட்டைப் பாருங்கள். மாமிக்குக் கிளினிக் நகரத்து மாவட்டப் பொது வைத்தியசாலையில். மாதம் ஒருமுறை என்றாலும் காலை வேளையில் போய்வரக்கூடிய தூரமாக இருக்கட்டும்.

உங்கள் அம்மா சொன்னது எனக்கு விளங்குகிறது. இந்த ஊரில் என் தலைமுறை வீடு தேடும்போது, ஏதும் நடந்தால் எந்தப் பக்கத்தால் ஓடலாம் என்றுதான் முதலில் பார்த்தது. 1983, 1990, 2006 என்று கலவரமும் போருமாக அதற்குக் காரணங்கள் இருந்தன. ஆனால் இன்றைக்கு இங்கே வளர்கிற பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய பெரிய சொத்து, தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்தையில் பேரம் பேசுகிற இந்த ஊர்தான். பக்கத்து வீட்டில் சிங்களம் பேசும் பிள்ளைகள் இருந்தால் உங்கள் மகன் ஆறு மாதத்தில் அந்த மொழியை எடுத்துவிடுவான், எந்த ரியூசனும் அதைத் தராது. நம்முடைய ஆட்கள் யார் என்பதை, மாமிக்கு ராத்திரியில் தலை சுற்றினால் கதவைத் தட்டக்கூடிய வீடு எது என்று வைத்துப் பாருங்கள். அதை வந்து ஒரு மாதம் இருந்தால்தான் தெரியும். அதனால் முதல் வருடம் வீடு வாங்குவது, நீண்ட குத்தகை எடுப்பது இரண்டும் வேண்டாம். வந்த கையோடு கிராம உத்தியோகத்தரிடம் பதிவை மட்டும் செய்துவிடுங்கள். வாக்காளர் இடாப்பில் பெயர் ஏறுகிற வருடங்கள் அங்கிருந்துதான் எண்ணப்படும்.

மகன் பிறந்த திகதியை நீங்கள் எழுதவில்லை. சேர்கிற வருடம் ஜனவரி 31க்குள் ஐந்து வயது பூர்த்தியாக வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் அடுத்த வருடம்தான், அப்படியானால் உங்களுக்கு விண்ணப்பிக்க இன்னும் ஒரு வருடம் கையில் இருக்கும், மேலே நான் எழுதியதில் சிலதை மாற்றிச் சொல்ல வேண்டிவரும். திகதியையும், இடமாற்றக் கடிதத்தில் உள்ள வாசகத்தையும் எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா