மலையகத்தில் இருந்துகொண்டு லேத் வேலை பழக எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: "ஹட்டன் பக்கம் இருக்கிறேன், சாதாரண தரம் எழுதிவிட்டேன். இரும்பு, மரம், பிளாஸ்டிக் மூன்றிலும் மெஷின் வேலை பழக வேண்டும். எதை முதலில் பிடிப்பது?"

ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம் என்று நினைக்காதீர்கள், தம்பி. ஒரே புஷ்ஷை (தண்டு சுழல நடுவில் துளையிட்ட உருளை) லேத்தில், அதாவது கடைசல் மெஷினில், மூன்றிலும் கடையுங்கள்: நீளம் 40 மி.மீ., வெளிவிட்டம் 30, துளை 16. அளவு மாறாது, ஆனால் ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு இடத்தில் காலை வாரிவிடும். அந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதி வேலை பழகியாயிற்று.

அதற்கு முன் கொஞ்ச நாள் வைஸும் அரமும்தான். பிளாட் பாரில் 50க்கு 50 சதுரம் ராவி, மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இடையில் வெளிச்சம் கசிந்தால் இன்னும் ராவ வேண்டும். வேர்னியரில் 0.02 மி.மீ., மைக்ரோமீட்டரில் 0.01 மி.மீ. வாசிக்கக் கை பழகாமல் லேத்தைத் தொட்டுப் பயனில்லை.

இரும்பில் முதலில் பார்க்க வேண்டியது டூலின் உயரம். டூல் நுனிக்கும் உருளைக் கம்பிக்கும் நடுவே மெல்லிய ஸ்டீல் ரூலரை மெதுவாக நெருக்கிப் பிடியுங்கள். செங்குத்தாக நின்றால் சரி. ரூலரின் மேல்பக்கம் உங்களை நோக்கிச் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது, அப்பால் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது. தாழ்ந்த டூலால் முகம் (கம்பியின் நுனிப்பரப்பு) சீவினால் நடுவில் ஒரு குமிழ் மிஞ்சும். உயர்ந்தால் வெட்டாமல் உரசிச் சூடேறும்.

அடுத்தது வேகம். வெட்டும் வேகத்தை (நிமிடத்துக்கு மீட்டர்) 1000 ஆல் பெருக்கி, 3.14 ஆலும் விட்டத்தாலும் வகுத்தால் சுற்று வரும். மைல்ட் ஸ்டீலுக்கு ஹைஸ்பீட் ஸ்டீல் டூலில் 25 மீட்டர் எடுத்தால், 30 மி.மீ. கம்பிக்கு ஏறத்தாழ 265 சுற்று. கியரில் அந்த எண் இல்லாவிட்டால் அதற்குக் கீழே உள்ளதைப் போடுங்கள். துளைக்கு முதலில் சென்டர் டிரில், பிறகு 8, பிறகு 15. கடைசி ஒரு மி.மீ.யை போரிங் டூலால் (துளையை உள்ளிருந்து பெரிதாக்கும் டூல்) எடுங்கள். நேரே 16 டிரில்லைச் செலுத்தினால் துளை கொஞ்சம் பெரிதாகவே வரும், நேராகவும் போகாது.

கைப்பிடி டயலில் பலர் ஏமாறுவார்கள். சில லேத்தில் 0.1 திருப்பினால் விட்டத்தில் 0.1 குறையும், சிலதில் 0.2. ஒரு தடவை சீவி அளந்து பார்த்தபிறகே நம்புங்கள். அளவு தாண்டிவிட்டால் அப்படியே கொஞ்சம் பின்னால் திருப்பினால் போதாது. ஸ்குரூவில் ஆட்டம் இருக்கும். ஒரு முழுச் சுற்று பின்னால் போய்த் திரும்பவும் முன்னால் வர வேண்டும்.

நைலோன் வெண்ணெய் மாதிரி வெட்டும். அதுதான் ஆபத்து. சூடு உள்ளேயே தங்கும், சூட்டில் விரியும். 20 பாகை ஏறினால் 30 மி.மீ. இரும்பு 0.007 அளவுதான் விரியும், நைலோன் 0.05ஐத் தொடும். சூட்டோடு அளந்து சரியென்று கழற்றிய புஷ், ஆறியதும் சின்னதாகிவிடும். டூல் நல்ல கூராக இருக்க வேண்டும், அளவெடுப்பது ஆறியபிறகு. நீளமான சுருள் சக்கில் (வேலைத்துண்டைப் பிடித்துச் சுழற்றும் பகுதி) சுற்றிக்கொள்ளும். மெஷினை நிறுத்தாமல் கையால் இழுக்கவே கூடாது. இன்னொன்று, நைலோன் ஈரம் குடித்து ஊதும். நுவரெலியா, தலவாக்கலை மூடுபனியில் துளையை இறுக்கமாக விட்டால் ஷாஃப்டைப் பிடித்துக்கொள்ளும். 16 மி.மீ. ஷாஃப்டுக்கு இரும்பில் 0.03 - 0.05 இடைவெளி விடும் இடத்தில் நைலோனில் 0.15 ஆவது விடுங்கள். ஈரம் படும் இடமென்றால் அசிட்டல் (இன்னொரு பிளாஸ்டிக்) ரொட் வாங்குவது நல்லது, அது தண்ணீர் மிகக் குறைவாகவே குடிக்கும்.

மரத்துக்கு தேயிலை மலையில் நிழலுக்கு நிற்கும் கிரெவிலியாத் துண்டு போதும். ஆனால் பச்சையாகக் கடையாதீர்கள். இன்று வட்டமாக இருப்பது சில கிழமைகளில் நீள்வட்டமாகும், ஏனென்றால் வளையங்களின் வழியே சுருங்குவது, குறுக்கே சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஓர் அங்குலப் பலகை காற்றில் காய ஒரு வருடம் என்பது பொதுக்கணக்கு. மழை மலையில் இன்னும் கூடும். இரும்பு லேத்தில் மரம் கடைந்தால் அன்றே தூளைத் துடைத்து பெட்டுக்கு (லேத்தின் அடித்தண்டவாளம்) எண்ணெய் பூசுங்கள். தூள் எண்ணெயை உறிஞ்சி ஈரத்தைப் பிடித்து வைக்கும். விடியும்போது துரு நிற்கும்.

தேயிலை பெக்டரி வேலைக்குப் போகிறீர்களென்றால் அங்குலமும் படியுங்கள். பெல்பாஸ்டில் செய்த சிரொக்கோ டிரையர் போன்ற பழைய பிரித்தானிய மெஷின்களில் விட்வேர்த் (பழைய பிரித்தானிய அங்குல அளவு) மரை வரும்: கோணம் 55 பாகை, மெட்ரிக்கில் 60. அரை அங்குல விட்வேர்த் நட்டில் எம்12 (12 மி.மீ. மெட்ரிக்) போல்ட் ஓரிரு சுற்று நுழையும். ஆனால் அது 12.7 மி.மீ.க்கு 12 மி.மீ., மரை இடைவெளியும் 2.12க்கு 1.75. தொடக்கத்தில் ஒன்றும் தெரியாது, ஸ்பானர் போட்டு வலிந்து திருப்பினால் மரை கெட்டுவிடும்.

குளிருக்கு ஸ்வெட்டரும் மப்ளரும் போட்டுக்கொண்டு லேத்துக்கு முன்னால் நிற்காதீர்கள். கம்பளி நூல் ஒன்று சக்கில் மாட்டினால் கை முழுதும் போகும். கையுறையும் வேண்டாம். உள்ளே இறுக்கமான பெனியன் இரண்டு போட்டு, சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடியுங்கள். சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு சுவிட்சைப் போடும் பழக்கம் ஒரு நாளும் வரக்கூடாது.

படிக்க தொழிற்பயிற்சி அதிகார சபை நிலையங்களும், கண்டி, பதுளைத் தொழில்நுட்பக் கல்லூரிகளும் இருக்கின்றன. சேருமுன் மூன்று கேளுங்கள்: தமிழில் வகுப்பு உண்டா, ஓடுகிற லேத் எத்தனை, ஒரு லேத்துக்கு எத்தனை பேர். பத்துப் பேருக்கு ஒன்றென்றால் நோட்ஸ்தான் மிஞ்சும். அதைவிட டவுனில் ஒரு பாஸிடம் நைட்டா (அரசின் பயிலுனர் பயிற்சி அதிகார சபை) மூலம் பயிலுனராகச் சேர்வது மேல். பட்டறையில் பழகியவர்களும் மதிப்பீட்டுக்குப் போய் என்.வீ.கியூ. (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் எடுக்கலாம். வெளிநாட்டு எண்ணம் இருந்தால் 4ஆம் மட்டம்வரை எடுத்துவிடுங்கள். அதற்கு ஆதாரம் வேண்டும்: கடைந்த புஷ்களையும் அவற்றின் வரைபடங்களையும், கேட்ட அளவு எவ்வளவு, வந்த அளவு எவ்வளவு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிழையாகிப்போனதையும் சேர்த்து.