ரோதாங் மூடிய பிறகு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊழியம் செய்த ஜெர்மானிய மிஷனரி ஹைடெ பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் போதகர் வீட்டுப் பெண். டிசம்பர் வந்துவிட்டால் எங்கள் அப்பாவுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. கீத பவனி, ஆராதனை, வீடு சந்திப்பு என்று ராத்திரி பகல் தெரியாது. அவர் இருந்த கேலாங்கிலோ பனி விழுந்தால் மாதக்கணக்கில் ரோதாங் கணவாய் மூடிக்கிடக்கும் என்கிறீர்கள். அந்த மாதங்களில் ஒரு போதகர் என்னதான் செய்வார்? நாற்பது வருடத்துக்கு மேல் இருந்தும் சபையில் சேர்ந்தவர்கள் சொற்பம் என்றும் எழுதியிருந்தீர்கள். அப்படியானால் எல்லாம் வீண்தானே?

ஒரு வாசகி, பாளையங்கோட்டை

அன்புள்ள வாசகிக்கு,

ஹைடெக்கும் பனிக்காலம்தான் வேலைக்காலம். அந்தக் காலத்தில், கோடையில் கேலாங்கில் யாரையும் உட்கார வைத்துப் பேச முடியாது. அங்கே வெயில் காய்வது சில மாதங்கள்தான், அதற்குள் பார்லியை விதைத்து அறுத்தாக வேண்டும். வியாபாரத்துக்குப் போகிறவர்கள் பொதிமாடு, குதிரைகளோடு மலை தாண்டிப் போயிருப்பார்கள். நவம்பர் வாக்கில் ரோதாங் மூடும். 3,978 மீட்டர் உயரம். சிலர் அதற்கு முன்பே குலு பக்கம் இறங்கிவிடுவார்கள். மிச்சப்பேர் வீட்டோடு கிடப்பார்கள். நூல் நூற்பது, தறி போடுவது, சாங் என்ற பார்லி மதுவைக் காய்ச்சிக் குடிப்பது, கதை பேசுவது. பள்ளிக்கூடம் நடத்தவும் வீடு வீடாகப் போகவும் ஒரு போதகருக்கு வேறு எப்போது வாய்க்கும்?

ஹைடெயும் அவரோடு வந்த பாகெலும் லாஹௌலைத் தேடி வந்தவர்கள் இல்லை. மொரேவியன் சபை என்ற புராட்டஸ்டன்ட் சபை அவர்களை அனுப்பியது மங்கோலியாவுக்கு. ரஷ்யா வழிவிடவில்லை. 1853-இல் இந்தியா வந்து, இமயமலை வழியாகவாவது போய்விடலாம் என்று பார்த்தார்கள். அதுவும் நடக்காமல் 1856-இல் கேலாங்கில் வீடு கட்டி உட்கார்ந்துவிட்டார்கள். (இதே சபையார்தான் 1760-இல் தரங்கம்பாடிக்கும் வந்து, பொறையார்ப் பக்கம் தோட்டம் போட்டு வாழ்ந்தவர்கள். வெயிலையும் பார்த்துவிட்டார்கள், பனியையும் பார்த்துவிட்டார்கள்.) ஹைடெ தொழிலால் தகரவேலைக்காரர். பாகெல் பண்ணையில் வேலை பார்த்தவர். அந்த ஊருக்குப் பெரிய இறையியல் படிப்பைவிட இது உதவியது. லாஹௌல் வீடுகளுக்குத் தட்டையான மண் கூரை. பனி விழ விழ வாரித் தள்ளாவிட்டால் கூரை ஒழுகும், பாரம் ஏறினால் உத்தரமே முறியும். போதகரானாலும் மண்வெட்டியோடு கூரை ஏறத்தான் வேண்டும்.

படிப்பாளி பின்னால் வந்தார். 1857-இல் வந்த யெஷ்கே மொழி மேதை. திபெத்திய மொழியில் அச்சடிக்க அவர்களிடம் ஒரு கல் அச்சு இருந்தது. எண்ணெய்ப் பசையுள்ள மையால் எழுதியதைக் கல்லில் ஏற்றி, கல்லை ஈரப்படுத்தி, மேலே மை உருட்டுவார்கள். எழுத்து இருக்கும் இடத்தில் மட்டும் மை ஒட்டும், ஈரமான இடத்தில் ஒட்டாது. பள்ளிப் பாடங்கள், துண்டுப் பிரசுரங்கள், சுவிசேஷப் பகுதிகள் எல்லாம் அந்தக் கல்லிலிருந்து வந்தவைதான். யெஷ்கே உடல்நலம் கெட்டு 1868-இல் ஊர் திரும்பினார். அவருடைய திபெத்திய–ஆங்கில அகராதி 1881-இல் வெளிவந்தது. திபெத்தியம் படிக்கிறவர்கள் அதை இன்னும் புரட்டுகிறார்கள்.

ஆனால் கேலாங்கின் பனிக்கால ஊழியம் என்றால் எனக்கு முதலில் தோன்றுவது மரியா ஹைடெயின் பெயர்தான். தென்னமெரிக்காவின் சுரினாமில் ஒரு மிஷனரி குடும்பத்தில் பிறந்தவர். 1859-இல், முன்பின் பார்த்திராத ஒருவரை மணக்கக் கேலாங் வந்தார். அந்த வருடம் வந்த மணப்பெண்கள் மூன்று பேர்: ஹைடெக்கு, பாகெலுக்கு, யெஷ்கேக்கு. லாஹௌலியர்களுக்குக் கம்பளி புதிதல்ல. நூற்கவும் நெய்யவும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊசிப் பின்னல்தான் தெரியாது. மரியா பனிக்காலத்தில் பெண்களைக் கூட்டி அதைக் கற்றுக்கொடுத்தார். கை பின்னிக்கொண்டிருக்கும்போது காது சும்மாதானே இருக்கும்? வேதக் கதைகள் அந்த நேரத்தில்தான். பெண்கள் பின்னலை எடுத்துக்கொண்டார்கள், கதையைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். இன்று லாஹௌலி காலுறைக்கும் கையுறைக்கும் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. மணாலியில் சுற்றுலாப் பயணிகள் வாங்கும் அந்த வண்ணப்பட்டைக் காலுறைக்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

சரி, வீணா? காலுறையைக் காட்டி "வீணில்லை" என்று நான் சமாதானம் சொல்ல மாட்டேன். அவர்கள் காலுறை பின்னச் சொல்லித்தர வரவில்லை. சபை நிறுவ வந்தார்கள், அந்தக் கணக்கில் கேலாங் தோல்விதான். 1865-இல் முதல் ஞானஸ்நானம் பெற்றவர்கள்கூட லாஹௌலியர்கள் இல்லை, லடாக்கிலிருந்து வந்தவர்கள். காரணம் ஹைடெயின் பிரசங்கத்தில் இருந்ததாக நான் நினைக்கவில்லை. அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஒரே மனைவியோடு ஒரே நிலத்தில் வாழ்ந்த சமூகம் அது. நிலம், வீடு, பண்டிகை, சாவு வீடு எல்லாம் ஒன்றோடொன்று கட்டியவை. ஒருவன் மட்டும் தனியாகப் பிரிந்து வேறு சாமியைக் கும்பிடுவதென்றால் அவனுக்கு நிலமும் இல்லை, பனிக்காலத்தில் கதவைத் தட்ட ஒரு வீடும் இல்லை. பனியில் அடைபட்ட ஊரில் யார்தான் அந்தத் துணிச்சலுக்குப் போவார்கள்? மிஷனரிகளிடம் ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்த அதே பனிக்காலம், அந்த ஆட்களை ஊரை விட்டுப் பிரியவும் விடவில்லை. லடாக்கின் லே நகரத்துச் சபை வேறு. 1885-இல் தொடங்கியது, இன்றும் இருக்கிறது, அங்கே போதகர்கள் லடாக்கியர்களே.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். பாகெல் தம்பதி 1865-இல் இமாச்சலத்திலேயே உள்ள கின்னௌரில் பூ என்ற பெயருள்ள கிராமத்துக்குப் போனார்கள். 1883 ஜனவரியில் கணவர் காய்ச்சலில் இறந்தார், சில நாட்களில் மனைவியும். அது பனிக்காலத்தின் கொடுமை, அதற்கு யாரையும் குறைசொல்ல முடியாது. ஆனால் ஹைடெயின் பிள்ளைகள்? சிலர் குழந்தையிலேயே கேலாங்கில் இறந்தார்கள். பிழைத்தவர்களைச் சபை வழக்கப்படி ஏழு வயதுவாக்கில் ஜெர்மனிக்கு, மிஷனரி பிள்ளைகளுக்கான பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். ரோதாங் மூடியிருக்கையில் ஒரு கடிதம் வந்துசேரவே எத்தனை பாடு! ஹைடெயும் மரியாவும் 1898-இல் கேலாங்கை விட்டார்கள், ஊர் திரும்பியது 1903-இல். அதற்குள் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகிவிட்டார்கள். இதைத் தியாகம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. கணவாயைப் பனி மூடியது, சரி. பிள்ளைகளை அனுப்பியது மனிதர்கள் போட்ட விதி. அனுப்பப்பட்ட மகன்களில் ஒருவரே பின்னாளில் பெற்றோரின் வாழ்க்கையை நூலாக எழுதினார் என்பதும் உண்மை, அதனால் தீர்ப்புச் சொல்லக் கொஞ்சம் தயங்குகிறேன்.

நீங்கள் போதகர் வீட்டில் வளர்ந்தவர். டிசம்பரில் அப்பாவுக்கு மூச்சுவிட நேரமிருக்காது என்று எழுதியிருந்தீர்கள். பிள்ளைகள் பக்கத்திலிருந்து இதற்கு என்ன சொல்வீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்