ஈறு சிகிச்சை இதயத்தையும் எட்டுமா?

கேள்வி: என் வயது 56. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டேன். இப்போது பல் துலக்கும்போதெல்லாம் ஈறில் ரத்தம் வருகிறது. ஈறு நோய் முற்றியிருப்பதால் ஆழமாகச் சுத்தம் செய்ய வேண்டும் என்றும், அது இதயத்துக்கும் நல்லது என்றும் பல் மருத்துவர் கூறுகிறார். இது உண்மையா? அதற்காக, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளை நிறுத்த வேண்டுமா?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: இரண்டாவது கேள்வியில்தான் ஆபத்து இருக்கிறது; ஆகவே அதற்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரைகளை நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். ஈறைச் சுத்தம் செய்யும்போது கசியும் ரத்தத்தைப் பஞ்சு வைத்து அழுத்தியே நிறுத்திவிடலாம். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டாலோ அது உயிருக்கே ஆபத்தாகும். நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளின் பெயரையும் எழுதிப் பல் மருத்துவரிடம் கொடுங்கள். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவராக இருந்தால் அதையும் மறவாமல் குறிப்பிடுங்கள். சிலருக்கு அந்த மருந்தே ஈறை வீங்கச் செய்கிறது.

இனி இதயத்துக்கு வருவோம். நலமான ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பள்ளம் பொதுவாக 3 மில்லிமீட்டருக்கு மேல் ஆழமிராது. நோய் முற்றும்போது அது பை போல ஆழமாகி, அதன் உட்சுவர் புண்ணாகிறது. வாய் முழுவதுமுள்ள இந்தப் புண்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தால் பல சதுர சென்டிமீட்டர் பரப்பு வரும். அவ்வளவு பெரிய புண் கையில் இருந்தால் நாம் யாரும் ஆண்டுக்கணக்கில் விட்டுவைக்க மாட்டோம். வாய்க்குள் மறைந்திருப்பதால் விட்டுவிடுகிறோம் என்பது என் நீண்டநாள் வருத்தம். மெல்லும்போதும் பல் துலக்கும்போதும் இந்தப் புண் வழியாகக் கிருமிகள் ரத்தத்தில் கலக்கின்றன. உடல் அவற்றோடு ஓயாமல் போராடுவதால், சி-ரியாக்டிவ் புரதம் போன்ற அழற்சியைக் காட்டும் பொருள்கள் ரத்தத்தில் உயர்கின்றன. ரத்தக்குழாய்களின் உட்படலமும் தேவைக்கேற்ப விரிந்துகொடுக்கும் இயல்பில் குறைகிறது.

சிகிச்சை இதை மாற்றுகிறதா என்று லண்டனில் ஆராய்ந்திருக்கிறார்கள். 2007-இல் வெளிவந்த அந்த ஆய்வில், கடுமையான ஈறு நோயுள்ள 120 பேரில் ஒரு பிரிவினருக்குத் தீவிர சிகிச்சையும் மற்றவர்களுக்கு வழக்கமான சுத்தமும் செய்யப்பட்டன. தீவிர சிகிச்சை பெற்றவர்களுக்கு மறுநாள் அழற்சி கூடியது. ரத்தக்குழாய் விரியும் திறனும் குறைந்தது. ஆனால் ஆறு மாதங்கள் கழித்துச் சோதித்தபோது, அவர்களுடைய ரத்தக்குழாய்கள் மற்றவர்களுடையதைவிடத் தெளிவாக நன்றாக விரிந்தன. அந்த முதல் நாள் விவரம் உங்களுக்கு முக்கியம்: முழு வாயையும் ஒரே அமர்வில் முடிக்காமல் பகுதி பகுதியாகச் செய்யலாமா என்று கேளுங்கள்; தொடங்குமுன் உங்கள் இதய மருத்துவரின் சம்மதத்தையும் பெறுங்கள்.

ரத்தக்குழாய் நன்றாக விரிவது ஒன்று, மாரடைப்பு வராமல் தடுப்பது வேறொன்று. ஈறு நோய்க்கும் இதய நோய்க்கும் தொடர்பு இருப்பதை ஒப்புக்கொண்ட அமெரிக்க இதயச் சங்கம், ஈறு சிகிச்சை மாரடைப்பைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை என்று 2012-இல் அறிவித்தது. புகைப்பழக்கமும் சர்க்கரை நோயும் இரண்டுக்குமே பொதுவான காரணங்களாக இருப்பதால், எது எதை உண்டாக்கியது என்று பிரித்துக் காண்பதும் எளிதன்று. ஆகவே உங்கள் பல் மருத்துவர் சொன்னதில் பாதி உறுதியானது, மீதி நம்பிக்கை. ஆயினும் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள் என்றே சொல்வேன். பற்களைக் காப்பதற்கு மட்டுமாவது அது தேவை.

கேள்வி: என் அம்மாவுக்குப் பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். ஈறு சிகிச்சையால் ரத்தச் சர்க்கரை குறையுமா?
— ஒரு வாசகி, தேனி

பதில்: ஓரளவு குறையும். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், சிகிச்சை முடிந்த மூன்று, நான்கு மாதங்களில் எச்பிஏ1சி (கடந்த இரண்டு, மூன்று மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) அளவு சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி இறங்கியிருக்கிறது. சர்க்கரை மாத்திரையையோ உணவுக் கட்டுப்பாட்டையோ கைவிடுவதற்கு இது போதாது.

கேள்வி: எனக்கு இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியிருக்கிறார்கள். ஸ்கேலிங் (பற்களில் படிந்த காரையை நீக்கும் சுத்தம்) செய்துகொள்ளலாமா?
— ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: செய்துகொள்ளலாம், ஆனால் முன்னேற்பாடு இல்லாமல் கூடாது. ரத்தத்தில் கலக்கும் கிருமிகள் வால்வில் தங்கிவிடாமல் இருக்க, சிகிச்சைக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் ஒரு வேளை ஆன்டிபயாடிக் தருவார்கள். பெரியவர்களுக்கு வழக்கமாக அமாக்சிசிலின் 2 கிராம். பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கு வேறு மருந்து. ஸ்டென்ட் மட்டும் வைத்தவர்களுக்கு இது பொதுவாகத் தேவையில்லை. ரத்தம் உறையாமல் இருக்க நீங்கள் வார்ஃபரின் சாப்பிட்டுவந்தால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையின் அண்மை முடிவைக் கையோடு கொண்டுசெல்லுங்கள்.