மகன் மியூனிக்கில், விசாவுக்கு என் கணக்கில் ஐந்து லட்சம் வேண்டுமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். வயது 66. லால்குடி பக்கம் வசிக்கிறேன். ஓய்வூதியம் மாதம் 38,000 ரூபாய். மகன் ஜெர்மனியில் மியூனிக் நகரில் வேலை பார்க்கிறான். பேரன் பிறந்திருக்கிறான். நானும் மனைவியும் மே மாதம் போய் இரண்டு மாதம் இருந்துவிட்டு, நடுவில் சுவிட்சர்லாந்தும் பாரிஸும் பார்த்துவிட்டு வர ஆசை. ஏஜென்ட் ஒருவர் இருவருக்கும் சேர்த்து 65,000 ரூபாய் கேட்கிறார். வங்கிக் கணக்கில் ஐந்து லட்சம் காட்ட வேண்டுமாம்; குறைகிற தொகையை அவரே போட்டு வைப்பாராம். ஜெர்மனிக்கு ஸ்லாட் (விண்ணப்பம் கொடுக்க முன்பதிவு செய்யும் நாள், நேரம்) இல்லை, வேறு நாட்டு விசாவில் உள்ளே போய்விடலாம் என்கிறார். என் மனைவியின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கிறது; அதற்குத் தனியாகச் செலவாகும் என்றும் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: ஐயா, அந்த ஏஜென்ட்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டீர்களா? கொடுத்திருந்தால் நாளைக் காலையே போய் வாங்கி வந்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். ‘ஸ்லாட் பிடிக்க ஒரிஜினல் வேண்டும்’ என்று சொல்வார்கள். வேண்டாம். ஸ்லாட் பதிவு செய்ய பாஸ்போர்ட்டில் உள்ள விவரங்கள் இருந்தாலே போதும். விண்ணப்பம் கொடுக்கும் நாளில் நீங்கள் இருவரும் நேரில் போய் விரல்ரேகை வைக்கத்தான் போகிறீர்கள். அன்று உங்கள் கையாலேயே பாஸ்போர்ட்டைக் கொடுக்கலாம்.

இப்போது பணம். உங்கள் கணக்கில் ஐந்து லட்சம் இருந்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. அங்கே தங்கும் நாட்களுக்கான செலவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் தூதரகத்துக்குத் தெரிய வேண்டும். நீங்கள் தங்கப்போவது மகன் வீட்டில். இதற்கென்றே ஜெர்மனியில் ஒரு முறையான வழி இருக்கிறது. உங்கள் மகன் அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய், சம்பளச் சீட்டுகளைக் காட்டி, 29 யூரோ கட்டி, ‘என் பெற்றோர் இங்கே இருக்கும்வரை அவர்கள் செலவு என் பொறுப்பு’ என்று கையெழுத்துப் போட்டு ஒரு பத்திரம் வாங்க வேண்டும். பொறுப்பேற்பு உறுதிமொழி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஜெர்மன் பெயர் மகனுக்குத் தெரிந்திருக்கும்.

அந்தத் தாள் கைக்கு வந்ததும் மகனை இரண்டு விஷயங்கள் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் இருவரின் பெயரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட் எண்ணும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். இன்னொன்று, அவருடைய பணவசதி பற்றிய வரி. ‘நிரூபிக்கப்பட்டது’ என்ற பொருளில் ‘நாஹ்கெவீஸன்’ என்ற ஜெர்மன் சொல் அங்கே இருக்க வேண்டும். அது இருந்தால் உங்கள் பாஸ்புக்கில் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வி பெரிதும் தணிந்துவிடும். ஒரிஜினலைக் கூரியரில் வரவழையுங்கள். ஆறு மாதத்துக்குள் விண்ணப்பத்தோடு கொடுத்துவிட வேண்டும், பழசானால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இது வெறும் அழைப்புக் கடிதம் அல்ல, சட்டப்படி ஐந்து வருடம் வரை மகனைக் கட்டுப்படுத்தும் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஏஜென்ட் தன் பணத்தை உங்கள் கணக்கில் போடும் வேலைக்கு மட்டும் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி நிராகரிப்புத் தாளோடு என்னிடம் வந்தார்கள். நல்ல மனிதர்கள், சொந்த வீடு, வயல் எல்லாம் உண்டு. பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தேன். மாதாமாதம் இருபதாயிரம் வரவு, மளிகை, மருந்து, கரன்ட் பில் என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த கணக்கில் திடீரென ஒரே நாளில் ஆறு லட்சம் வந்திருந்தது. அந்த வரிக்குக் கீழே மறுபடியும் 340 ரூபாய் மருந்துக்கடைச் செலவு. விசா அதிகாரிக்கு அந்த ஒரு பக்கம் போதும். பணம் யாருடையது என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. உண்மையான ஓய்வூதியக் கணக்கை அப்படியே கொடுத்திருந்தால் இந்தச் சந்தேகம் எழுந்தே இருக்காது. அவர்கள் அனுபவித்த மன உளைச்சலை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

உங்கள் 38,000 ரூபாய் ஓய்வூதியத்தைக் குறைவாக நினைக்காதீர்கள். மாதம் தவறாமல் ஊரில் வந்து விழும் ஓய்வூதியம், நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்கு நல்ல சாட்சி. நிராகரிப்புத் தாளில் அடிக்கடி டிக் அடிக்கப்படும் காரணங்களில் ஒன்று, ‘விசா முடியும் முன் நாடு திரும்புவார் என்று உறுதி செய்ய முடியவில்லை’ என்பது. ஆகவே ஓய்வூதிய ஆணை, வீட்டு வரி ரசீது, பட்டா இவற்றை வையுங்கள். தமிழில் இருப்பவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே இன்னொரு பிள்ளை இருந்தால் அதையும் கடிதத்தில் சொல்லுங்கள்.

அடுத்தது, வேறு நாட்டு விசா. ஏஜென்ட் சொன்னதில் மிக ஆபத்தானது இதுதான். ஷெங்கன் விசா என்பது ஐரோப்பாவின் 29 நாடுகளுக்குப் பொதுவான ஒரே விசா, ஆனால் எந்த நாட்டில் விண்ணப்பிப்பது என்பது நம் விருப்பம் கிடையாது. எந்த நாடு உங்கள் பயணத்தின் முக்கிய இடமோ, அங்கேதான் கேட்க வேண்டும். மியூனிக்கில் 48 நாள், சுவிட்சர்லாந்திலும் பாரிஸிலும் 12 நாள் என்றால் ஜெர்மனிதான், இதில் பேச்சே இல்லை. போகாத நாட்டுக்குப் பொய்யாக ஒரு பயணத் திட்டம் எழுதி, அங்கே ஹோட்டல் போட்டு விசா வாங்கினால், விமான நிலையத்தில் ‘எங்கே தங்குகிறீர்கள்?’ என்று கேட்கும்போது நீங்கள் என்ன சொல்வீர்கள்? நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன மனிதர் அங்கே நின்று பொய் சொல்ல வேண்டுமா?

இந்த ‘முக்கிய இடம்’ என்பதில் பலரும் குழம்புகிறார்கள். உங்கள் விஷயம் தெளிவானதுதான். ஆனாலும் சுற்றுலாப் பேக்கேஜோடு மகன் வீட்டையும் சேர்த்துப் போகிற உங்கள் நண்பர்கள் இருக்கலாம், அவர்களுக்காகச் சொல்கிறேன். நாட்களை நாடுவாரியாக எண்ண வேண்டும். மியூனிக்கில் 7 நாள், பேக்கேஜில் 10 நாள் என்றால் உடனே பேக்கேஜ்தான் பெரிது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்தப் பத்து நாளில் இத்தாலி 3, சுவிட்சர்லாந்து 3, பிரான்ஸ் 2, ஆஸ்திரியா 2 என்று பிரிந்தால், தனி நாடாகப் பார்க்க ஜெர்மனியின் 7 நாள்தான் அதிகம். சரி, மியூனிக்கில் 5 நாள், இத்தாலியில் 6 நாள் என்றால்? நாள் கணக்கு இத்தாலியைக் காட்டும், பயணத்தின் நோக்கமோ மகனைப் பார்ப்பது. விதி நாளையும் சொல்கிறது, நோக்கத்தையும் சொல்கிறது. இப்படி இழுபறியாக இருந்தால் மகன் வீட்டு நாளை இரண்டு கூட்டி, இத்தாலியில் இரண்டு குறைத்துத் திட்டத்தையே தெளிவாக்கிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். நாளும் நோக்கமும் எந்தப் பக்கமும் சாயாமல் சமமாக இருந்தால் மட்டுமே ‘முதலில் நுழையும் நாடு’ என்ற விதி வரும். பலர் இந்தக் கடைசி வரியை மட்டும் கேட்டுவிட்டு, ‘முதலில் எங்கே இறங்குகிறோமோ அந்த நாட்டு விசா’ என்று தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஜெர்மன் விசாவை வைத்துக்கொண்டு நீங்கள் பாரிஸில் விமானம் மாறி மியூனிக் போகலாம், தவறில்லை. லண்டன் மட்டும் இந்த வட்டத்தில் சேராது, அதற்குத் தனி விசா.

‘ஸ்லாட் இல்லை’ என்பது பாதி உண்மை. கோடை விடுமுறைக்கு முன் உண்மையாகவே நெருக்கடி இருக்கும். மீதி, இடைத்தரகர்கள் செய்கிற அநியாயம். காலியாகும் ஸ்லாட்டுகளை இவர்களே கும்பலாகப் பிடித்துவைத்து, பிறகு விற்கிறார்கள். ஓய்வூதியம் வாங்குகிற ஒரு பெரியவர் நள்ளிரவில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஸ்லாட் தேடும் நிலைமையை வைத்துக்கொண்டு, விசா கட்டணத்தை மட்டும் 2024 ஜூனில் 80 யூரோவிலிருந்து 90 ஆக ஏற்றிவிட்டார்கள். நிராகரித்தாலும் அந்தப் பணம் திரும்பாது. இதை நான் பல வருடமாகச் சொல்லி அலுத்துவிட்டேன். உங்களுக்கு நடைமுறை வழி இதுதான்: பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மே முதல் வாரம் போவதென்றால் நவம்பரிலேயே கதவு திறந்துவிடும். மகனை அதிகாரப்பூர்வ இணையதளத்தில் நேரடியாகப் பார்த்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஏப்ரல் வரை தள்ளிப் போடாதீர்கள். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள், சந்தேகம் வந்தால் 45 நாள் வரை எடுத்துக்கொள்வார்கள்.

விண்ணப்ப மையத்தில் எஸ்எம்எஸ், தனி அறை, படிவம் நிரப்புதல் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். எதுவும் கட்டாயம் இல்லை. வேண்டாம் என்று சொல்லலாம். விசா கொடுப்பதும் மறுப்பதும் தூதரகத்தின் முடிவு. ‘கேரன்டி’ என்று யார் சொன்னாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

முதல் தடவையே சரியாகக் கொடுக்க வேண்டும் என்று நான் இவ்வளவு அழுத்துவதற்குக் காரணம் உண்டு. முன்பு ஜெர்மனி மறுத்தால் ‘மறுபரிசீலனை செய்யுங்கள்’ என்று ஒரு கடிதம் எழுதலாம், செலவில்லை. 2025 ஜூலை 1 முதல் அந்த வழியை மூடிவிட்டார்கள். இனி புதிதாகப் பணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். லால்குடியிலிருந்து பெர்லினில் வழக்கு நடத்து என்றால் என்ன நியாயம்?

உங்கள் மனைவியின் பெயர் விஷயத்துக்கு வருகிறேன். குடும்பப் பெயர் இடம் காலியாக இருப்பது தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட்டுகளில் சகஜம். அதற்காக விசா மறுக்க மாட்டார்கள். விண்ணப்பத்தில் புதிதாக உங்கள் பெயரை அவர் பெயரோடு ஒட்டாதீர்கள். பாஸ்போர்ட்டில் உள்ளது மட்டுமே எங்கும் இருக்க வேண்டும், டிக்கெட்டிலும் காப்பீட்டிலும்கூட. நீங்கள் உண்மையில் பார்க்க வேண்டியது மகனின் பாஸ்போர்ட் கடைசிப் பக்கம். அங்கே அப்பா, அம்மா பெயர் அச்சாகியிருக்கும். நீங்கள்தான் பெற்றோர் என்பதற்கு அதுவே கைவசம் உள்ள எளிய சான்று. ஆனால் மகனின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் வெறும் இனிஷியலோடும், உங்கள் பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து முழுப்பெயராகவும் இருந்தால், மகனின் பிறப்புச் சான்றிதழையும், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி கையெழுத்திட்ட உறுதிமொழியையும் சேர்த்து வையுங்கள். இதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது.

பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும் செல்லும் என்று சான்றிதழில் எழுதியிருக்க வேண்டும். டிக்கெட்டைப் பணம் கட்டி வாங்கிவிடாதீர்கள். விசா வரும்வரை முன்பதிவு போதும். ஆனால் அது உண்மையான முன்பதிவாக இருக்கட்டும், ஐநூறு ரூபாய்க்கு அச்சடித்துத் தரும் போலித் தாளாக இருக்கக் கூடாது. பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் வழங்கப்பட்டதாகவும், நீங்கள் திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாகவும், இரண்டு பக்கம் காலியாகவும் இருக்க வேண்டும். ‘இடியாஸ்’ என்று ஒரு அனுமதி வருகிறது, அதற்கும் இப்போதே பணம் கட்டுங்கள் என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். அது விசா தேவைப்படாத நாட்டவர்களுக்கு. நமக்கு விசாவே போதும்.

விசா ஒட்டி பாஸ்போர்ட் வந்ததும் ஸ்டிக்கரை உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். மே 5 முதல் ஜூலை 3 வரை 60 நாள் கேட்டிருந்தால், ஸ்டிக்கரில் தேதி மே 5 முதல் ஜூலை 18 வரை என்று இருக்கும். அதைப் பார்த்து ஜூலை 18 வரை தங்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்தில் தங்கும் நாட்கள் என்ற கட்டத்தில் 60 என்று இருக்கும், அதுதான் கணக்கு. கூடுதல் 15 நாள், பயணம் கொஞ்சம் முன்பின் தள்ளினால் உதவுவதற்கு. இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் சேர்த்து 60. முன்பு பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார்கள். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக முகப்படம் எடுத்து, விரல்ரேகையைச் சரிபார்த்துக் கம்ப்யூட்டரே நாட்களை எண்ணும் முறை வந்துவிட்டது. ஒரு நாள் கூடினாலும் பதிவாகும், அடுத்த விசாவுக்கு அது தடையாக வந்து நிற்கும்.

மியூனிக்கில் இறங்கும்போது உறுதிமொழிப் பத்திரத்தின் நகல், மகனின் முகவரியும் கைப்பேசி எண்ணும், காப்பீடு, திரும்பும் டிக்கெட் இவற்றைக் கைப்பையில் வையுங்கள். பெட்டிக்குள் வைத்தால் குடிவரவுக் கவுன்ட்டரைத் தாண்டிய பிறகுதான் பெட்டியே உங்கள் கைக்கு வரும். ஒரு செட் உங்கள் மனைவியின் பையிலும் இருக்கட்டும். சில சமயம் வரிசையில் இருவரையும் தனித்தனிக் கவுன்ட்டருக்கு அனுப்பிவிடுவார்கள்.