புதுக் கட்டடத்துக்குப் பணம் இருக்கிறது, டீச்சருக்கு இல்லையா?

அமெரிக்கப் பள்ளி மாவட்டங்களின் பட்ஜெட் வெட்டு, மாணவர் சாதனைகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

எங்கள் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், நூலகர்களையும் இசை ஆசிரியரையும் குறைக்கப்போவதாக மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. அதே மாதத்தில் உயர்நிலைப் பள்ளியில் புது ஜிம்முக்கு அடிக்கல் நாட்டுகிறார்கள். இது என்ன நியாயம்? (கலிஃபோர்னியா வாசகி)

கோபம் புரிகிறது. ஆனால் இவை இரண்டும் வேறு வேறு கணக்குகள். ஜிம்முக்கான பணம், வாக்காளர்கள் ஒப்புதல் தந்த பாண்டு கடனிலிருந்து வருகிறது. கலிஃபோர்னியா வாக்காளர்கள் 2000-இல் நிறைவேற்றிய ப்ரொபோசிஷன் 39 என்ற சட்டத்தின்படி 55 சதவீத வாக்கு கிடைத்தால் பள்ளிக் கட்டடங்களுக்குப் பாண்டு வெளியிடலாம். அந்தப் பணத்தில் ஆசிரியர் சம்பளம் கொடுக்க அதே சட்டம் வெளிப்படையாகத் தடை விதிக்கிறது. சம்பளம் அன்றாடச் செலவுக்கான பொது நிதியிலிருந்துதான் வர வேண்டும்.

டிஸ்ட்ரிக்டை நிர்வகிக்கும் பள்ளி போர்டின் கூட்டத்தில் "ஜிம்மை நிறுத்துங்கள்" என்று பேசினால் ஒரே வரியில் பதில் சொல்லி உட்கார வைத்துவிடுவார்கள். அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: "பொது நிதியில் இந்த ஆண்டு ஒதுக்கியிருக்கும் கூரை, ஹீட்டிங் வேலைகளில் எவையெல்லாம் பாண்டு திட்டப் பட்டியலிலும் இருக்கின்றன?" பட்டியலில் உள்ள வேலையைப் பாண்டு கணக்குக்கு மாற்றினால் பொது நிதியில் அந்த அளவுக்கு இடம் கிடைக்கும். பாண்டுச் செலவைக் கண்காணிக்கக் குடிமக்கள் குழு ஒன்று இருந்தாக வேண்டும் என்பதும் சட்டம். அதன் ஆண்டறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

வெட்டு இப்போது வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கோவிட் காலத்தில் எஸ்ஸர் என்ற பெயரில் மத்திய அரசு மூன்று தவணைகளாக ஏறக்குறைய 190 பில்லியன் டாலர் கொடுத்தது. கடைசித் தவணையைச் செலவுக்கு ஒதுக்கி முடிக்க வேண்டிய கெடு 2024 செப்டம்பர் 30. ஒரு முறை வந்த பணத்தில் நிரந்தர வேலைகளை உருவாக்கிய டிஸ்ட்ரிக்டுகள்தான் இன்று அதிகம் தடுமாறுகின்றன.

எங்கள் தொடக்கப் பள்ளியில் 40 பிள்ளைகள்தான் குறைந்திருக்கிறார்கள். அதற்கு இவ்வளவு வெட்டா?

மழலையர் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை, வகுப்புக்கு மூன்று பிரிவு என்று வைத்துக்கொண்டால் 18 வகுப்பறைகள். 40 பிள்ளைகள் குறைந்தால் அறைக்கு இரண்டு பேர் குறைவார்கள். ஓர் ஆசிரியரைக்கூட நிறுத்த முடியாது. பஸ் அதே தடத்தில் ஓடியாக வேண்டும். ஆனால் ஒரு பிள்ளைக்கு 12,000 டாலர் என்று கணக்கிட்டால் வரவில் 4,80,000 டாலர் போய்விடும். அதனால்தான் வகுப்பறைக்கு வெளியே இருக்கும் நூலகர், கவுன்சிலர், இசை ஆசிரியர் மீது முதலில் கை வைக்கிறார்கள்.

போர்டு கூட்டத்துக்கு எப்போது போனால் பலன் இருக்கும்? ஜூனில் போனோம், "எல்லாம் முடிந்துவிட்டது" என்றார்கள்.

ஜூனில் உண்மையிலேயே முடிந்துவிடுகிறது. நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குவதால் ஜூன் மாத வாக்கெடுப்பு பெரும்பாலும் சம்பிரதாயமே. கலிஃபோர்னியாவை வைத்துச் சொல்கிறேன். பிற மாநிலங்களில் தேதிகள் மாறும், வரிசை ஏறக்குறைய இதேதான்.

டிசம்பர் 15-க்குள் முதல் இடைக்கால நிதி அறிக்கை போர்டுக்கு வர வேண்டும். அதில் "பாசிட்டிவ்", "குவாலிஃபைட்", "நெகட்டிவ்" என்று மூன்று சான்றுகளில் ஒன்று இருக்கும். நடப்பாண்டையும் அடுத்த இரண்டு ஆண்டுகளையும் சமாளிக்க முடியும் என்றால் பாசிட்டிவ். முடியாமல் போகலாம் என்றால் குவாலிஃபைட். நடப்பாண்டின் மீதிக்கோ அடுத்த ஆண்டுக்கோ பணம் போதாது என்றால் நெகட்டிவ். அந்த அறிக்கையில் நான் முதலில் பார்க்கச் சொல்வது மூன்றாம் ஆண்டுக் கையிருப்பு வரியைத்தான். 1,001 முதல் 30,000 மாணவர் வரை உள்ள டிஸ்ட்ரிக்டுக்குக் குறைந்தபட்சக் கையிருப்பு மொத்தச் செலவில் 3 சதவீதம். அந்த வரியில் எண் அதற்குக் கீழே இறங்கினால் வெட்டு வருகிறது என்று அர்த்தம், யார் மறுத்தாலும் சரி.

அடுத்தது பிப்ரவரி, மார்ச் முதல் வாரம். இதைத் தவற விடாதீர்கள். நிரந்தர ஆசிரியர்களுக்கு மார்ச் 15-க்குள் முதல் பணிநீக்க நோட்டீஸ், மே 15-க்குள் இறுதி நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது விதி. அதற்கு முன்னால், எந்தெந்தப் பணிகளைக் குறைக்கிறோம் என்று போர்டு ஒரு தீர்மானம் போடும். அதில் ஆள் பெயர் இருக்காது. "இசை, 0.6 எஃப்.டி.இ." என்று மட்டும் இருக்கும். எஃப்.டி.இ. என்பது முழுநேரப் பணிக்கான அளவு, 1.0 என்பது ஒரு முழுநேர வேலை. அப்படியானால் 0.6 வாரத்தில் மூன்று நாள் வேலைக்குச் சமம். கெடு நெருங்குவதால் டிஸ்ட்ரிக்டுகள் தேவைக்கு மேலேயே நோட்டீஸ் கொடுத்துவிட்டு, பிறகு பலவற்றைத் திரும்பப் பெறுவது வழக்கம். எது திரும்பும் என்பதை மார்ச்சுக்கும் மேக்கும் நடுவில் பெற்றோர் குரல் நிச்சயம் பாதிக்கும்.

வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே வெளியிட வேண்டும். அதைப் பார்த்து, நிரலில் உள்ள எண்ணைக் குறிப்பிட்டுப் பேசுங்கள். நிரலில் இல்லாத விஷயத்தைப் போர்டு விவாதிக்க முடியாது, வெறுமனே கேட்டுக்கொள்ளும். பொதுவாக ஆளுக்கு மூன்று நிமிடம், கூட்டம் அதிகமென்றால் அதுவும் குறையும். பத்துப் பேர் ஒரே புலம்பலைச் சொல்வதைவிட, மூன்று பேர் மூன்று வெவ்வேறு கேள்விகளைக் கேட்பது எவ்வளவோ மேல்.

டிசம்பரில் ஊருக்குப் போக மூன்று வாரம் லீவு எடுத்தால் பள்ளிக்கு நஷ்டம் என்கிறார்களே?

கலிஃபோர்னியாவும் டெக்சஸும் பள்ளிகளுக்குப் பணம் கொடுப்பது சேர்க்கையை வைத்து அல்ல, சராசரி தினசரி வருகையை வைத்து. ஆகவே உண்மைதான். பிள்ளைக்கும் சிக்கல் உண்டு. 180 நாளில் 18 நாள் வராவிட்டால் நாள்பட்ட வருகைக்குறைவு என்று பதிவாகும். கலிஃபோர்னியாவில் ஏற்கத்தக்க காரணமில்லாமல் 3 முழு நாள் வராவிட்டாலே ட்ரூயன்ட், அதாவது அனுமதியின்றிப் பள்ளிக்கு வராதவர் என்று பதிவாகும். குடும்பப் பயணம் பொதுவாக அந்தக் காரணங்களில் சேராது.

விமானம் ஏறுவதற்குச் சில வாரம் முன்பே அலுவலகத்தில் "இண்டிபெண்டன்ட் ஸ்டடி" ஒப்பந்தம் கேளுங்கள். கையெழுத்திட்டு, கொடுத்த பாடங்களை முடித்துத் திருப்பிக் கொடுத்தால் அந்த நாட்கள் வருகையாகக் கணக்கிடப்படும். எல்லாப் பள்ளியிலும் கிடைக்கும் என்றில்லை. பாடங்களை அரைகுறையாக முடித்தால் அதற்கேற்ப வருகையும் குறையும்.

என் மகளும் அவள் தோழியும் பிஎஸ்ஏடியில் (எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வின் முன்னோட்டத் தேர்வு) 1480. தோழி மட்டும் நேஷனல் மெரிட் உதவித்தொகைக்கான அரையிறுதிப் பட்டியலில். எப்படி?

அந்தப் பட்டியலுக்கு மொத்த மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை. வாசிப்பு-எழுத்து மதிப்பெண்ணை இரட்டிப்பாக்கி, கணிதத்தைக் கூட்டி, பத்தால் வகுக்கிறார்கள். உச்சம் 228. வாசிப்பில் 760, கணிதத்தில் 720 என்றால் 224. அதையே திருப்பிப்போட்டால் 220. மாநிலக் கட்-ஆஃபைத் தாண்ட இந்த நாலு புள்ளி போதும். நம் பிள்ளைகள் கணிதத்திலேயே மணிக்கணக்கில் பயிற்சி எடுப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பொதுவாகப் பதினொன்றாம் வகுப்பில் எழுதுவதே கணக்கில் வரும், பத்தாம் வகுப்பு மதிப்பெண் வராது.

மகன் மாநில அளவில் பரிசு வாங்கியும் டிஸ்ட்ரிக்ட் செய்திமடலில் பெயர் வரவில்லை.

ஆண்டுத் தொடக்கப் படிவத்தில் "டைரக்டரி இன்ஃபர்மேஷன்" (பெயர் போன்ற பொதுத் தகவல்) வெளியிட வேண்டாம் என்று டிக் செய்தீர்களா என்று பாருங்கள். மாணவர் தகவல்களைப் பாதுகாக்கும் ஃபெர்பா சட்டப்படி, அப்படிக் கேட்டுக்கொண்டால் பள்ளி பெயரை வெளியிடாது. வார இறுதிப் போட்டி என்றால், நீங்கள் சொன்னால்தான் பள்ளிக்கே தெரியும்.

தமிழுக்கு "சீல் ஆஃப் பைலிட்டரசி" (இருமொழித் தேர்ச்சி முத்திரை) வாங்க முடியுமா?

தாராளமாக. 2011-இல் கலிஃபோர்னியா சட்டம் இயற்றித் தொடங்கிய இந்த முத்திரை இன்று பெரும்பாலான மாநிலங்களில் பள்ளி இறுதிச் சான்றிதழோடு கிடைக்கிறது. தமிழுக்கு ஏபி (கல்லூரிப் பாட நிலை) தேர்வு கிடையாது. அவான்ட் நிறுவனத்தின் ஸ்டாம்ப் டபிள்யூ.எஸ். தேர்வில் தமிழ் இருக்கிறது, எழுத்தும் பேச்சும் சோதிக்கப்படும். தேவையான நிலை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆங்கிலத் தேர்ச்சிக்கும் தனி நிபந்தனை உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கியதுமே கவுன்சிலரிடம் எந்தத் தேர்வை ஏற்பார்கள், கெடு எப்போது, கட்டணம் யார் கட்டுவது என்று கேட்டுவிடுங்கள்.

வீட்டில் சரளமாகப் பேசும் பிள்ளைகள் பேச்சில் தேறிவிடுவார்கள். எழுத்தில்தான் சறுக்கல், அதுவும் தட்டச்சில். நேரம் ஓடும்போது "ற", "ழ", "ண" எந்த விசையில் இருக்கிறது என்று தேடுவார்கள். தேர்வுக்கு எந்தக் கீபோர்டு அனுமதி என்று முன்பே கேட்டு, அதிலேயே இரண்டு மாதம் தினமும் ஒரு பத்தி அடித்துப் பழகச் சொல்லுங்கள். ஒற்றை வாக்கியங்களாக நிறுத்தாமல், "ஏனென்றால்", "ஆனாலும்", "அதனால்" போட்டு இணைத்து எழுதினால் நிலை உயரும்.