புது அலமாரியால் கண் எரிகிறது, கடைக்காரர் மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: தங்கச்சிமடத்தில் வீடு கட்டி, ராமநாதபுரத்துக் கடை ஒன்றில் சொல்லி மாடுலர் கிச்சனும் அலமாரிகளும் போட்டோம். பில்லில் ‘மரைன் பிளை’ (தண்ணீர் தாங்கும் பிளைவுட்) என்று இருக்கிறது. மாதங்கள் ஆகியும் நெடி போகவில்லை. எனக்குக் கண் எரிச்சல், மகனுக்கு இருமல். ‘புது வாசனைதான், போயிரும்’ என்கிறார் கடைக்காரர். எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு வழக்குப் போடலாமா?

பதில்: வழக்குப் போடலாம், சகோதரி. ஆனால் கழற்றி எறியாதீர்கள். அந்தப் பலகைதான் உங்கள் சாட்சி.

முதலில் ஒரு கீலின் திருகைக் கழற்றி, துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். தூளாக உதிர்ந்தால் மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டு. பில்லில் ஒன்று, வீட்டில் வேறொன்று என்றால் நெடியே இல்லாவிட்டாலும் வழக்கு உண்டு. மரைன் பிளைக்கான தர எண் ஐ.எஸ். 710, பலகையில் அந்த முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மலிவுப் பலகைகளை ஒட்டுவது பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. ஈரமும் வெக்கையும் பட்டால் அது சிதைந்து ஃபார்மால்டிஹைடு வாயுவை விடும். நம் கடற்கரையில் இரண்டுக்கும் குறைவா? மரைன் பிளையிலும் ஃபார்மால்டிஹைடு கலந்த பசைதான். ஆனால் ஃபீனால் வகை என்பதால் வெளிவருவது மிகக் குறைவு. புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை உறுதிசெய்த வாயு இது. ‘போயிரும்’ என்ற பதிலை ஏற்காதீர்கள்.

அடுத்து சோதனை. இதில்தான் பலர் வழக்கைக் கோட்டைவிடுகிறார்கள். இந்த வாயுவை அளக்க ஆன்லைனில் வாங்கும் சின்ன மீட்டர் பல, சானிடைசர் ஆவிக்கும் எண்ணைக் காட்டும். நீங்களே பலகையை வெட்டி அனுப்பினால், ‘அது எங்கள் பலகையே இல்லை’ என்பார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 38-வது பிரிவு இதற்கு வழி வைத்திருக்கிறது: வழக்கை விசாரிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையமே மாதிரியைப் பெற்று, சீல் வைத்து, ஆய்வகத்துக்கு அனுப்பும். அறிக்கைக்கு 45 நாள். கட்டணத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும்; தயங்காதீர்கள், செலவுத்தொகையாகத் திருப்பிக் கேட்கலாம். பார்ட்டிக்கிள் போர்டு என்றால் ஐ.எஸ். 13745 முறைப்படி சோதிக்க வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள். ஃபார்மால்டிஹைடு குறைவான ‘ஈ1’ வகைப் பலகையில் 100 கிராமுக்கு 8 மில்லிகிராம்தான் அதன் உச்ச அளவு.

மனு போடும் முன் கடைக்காரருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, தயாரிப்பாளர் யார் என்று கேளுங்கள். உடல்நலக் கேட்டுக்கு நஷ்டஈடு கேட்பதால் அந்தக் கம்பெனியையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. பொருத்திய நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போட்டுவிடுங்கள்.

அதுவரை பையனை அந்த அறையில் படுக்க வைக்காதீர்கள். ஜன்னல்களைத் திறந்தே வையுங்கள். டாக்டரிடம் போகும்போது புது அலமாரி வந்த தேதியைச் சொல்லி, சீட்டில் எழுதி வாங்குங்கள்.