ரீச்சர், அந்தப் பெட்டிக்குக் கடன் எடுக்காதீர்கள்

ஒட்டுசுட்டான் பக்கத்து முன்பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் 3, 4 வயதில் 22 பிள்ளைகள். 'எந்த நேரமும் விளையாட்டு, எழுதப் பழக்குவது எப்போது' என்று தாய்மார் கேட்கிறார்கள். போன கிழமை ஒருவர் வந்து, மொண்டிசூரிப் பெட்டி (அந்த முறையில் படிப்பிக்கும் பொருட்கள் அடங்கியது) வாங்காவிட்டால் முன்பள்ளியின் பதிவுக்குச் சிக்கல் வரும் என்று சொல்லி ஒன்றரை லட்சம் கேட்டார். சங்கத்தில் கடன் எடுக்கட்டுமா?"

எடுக்கவே எடுக்காதீர்கள். மொண்டிசூரி என்ற பெயர் எவருக்கும் சொந்தமில்லை, யாரும் எந்தப் பெட்டியிலும் அடித்து விற்கலாம். இந்த முறையைத் தொடங்கிய மரியா மொண்டிசூரி அம்மையார் 1907இல் ரோமில் முதல் வகுப்பைத் தொடங்கியதே கூலித் தொழிலாளரின் பிள்ளைகளுக்காகத்தான், அவர் பெயரைச் சொல்லித்தான் இன்று வன்னியில் கொடுப்பனவை நம்பி வாழும் ரீச்சர்மாரிடம் காசு கறக்கிறார்கள். பதிவு என்று பயமுறுத்தினால், "அந்தக் கடிதத்தைக் காட்டுங்கோ" என்று கேளுங்கள். காட்ட மாட்டார். வலயக் கல்வி அலுவலகத்தில் முன்பள்ளிக்குப் பொறுப்பானவரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பயிற்சி என்று கூப்பிட்டு நாள் முழுக்கத் திரையில் படம் காட்டும் நேரத்தில், இப்படி வருகிற ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை முன்கூட்டியே எச்சரித்திருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்கவே வேண்டியதில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம்.

சரி, தாய்மாரின் கேள்விக்கு வருவோம். பிறக்கும்போது பிள்ளையின் மணிக்கட்டு முழுக்கக் குருத்தெலும்பு. அங்கே வரவேண்டிய 8 எலும்புகளும் வருடக்கணக்கில் ஒவ்வொன்றாகத்தான் இறுகி வரும். 3 வயதுக் கையில் பென்சிலைத் திணித்தால் பிள்ளை முழு முட்டியால் பிடிக்கும், அந்தப் பிடி பழகிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. முதலில் பெருவிரலும் அடுத்த இரண்டு விரலும் சேர்ந்து வேலை செய்யப் பழக வேண்டும். புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்து வாய் ஒடுங்கிய போத்தலுக்குள் போடச் சொல்லுங்கள், அதுதான் பென்சில் பிடி. ஒரு சிரட்டையில் இருந்து இன்னொரு சிரட்டைக்குத் தண்ணீரைச் சிந்தாமல் ஊற்றட்டும்; சிந்தினால் அவர்களே துடைக்கட்டும், துணி பிழிவதும் கைக்கு நல்ல வேலை. சுளகில் பயறையும் உழுந்தையும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்லலாம். எண்ணுவதற்கு ஐந்து சிரட்டை, ஒவ்வொன்றிலும் ஒரு சோடா மூடி. வாயால் நூறு வரை ஒப்புவிக்கிற பிள்ளை இதில் தடுமாறுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

எழுத்துக்குத் தட்டில் மணல் பரப்பி விரலால் 'அ' எழுத வையுங்கள். இது புதிதில்லை என்று தாய்மாருக்குச் சொல்லுங்கள்: விஜயதசமிக்கு ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில்தானே எழுதுவிக்கிறோம், அன்றைக்கு யாரும் பென்சில் கேட்பதில்லையே. தரம் 1 பாடத்திட்டமே விளையாட்டு, செயற்பாடு, மேசைவேலை என்றுதான் இருக்கிறது, அதில் விளையாட்டுக்குத்தான் முதலிடம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைப் பயத்தை 3 வயதுக்கு இறக்கிவிட்டது நாங்கள்தான்.

வளவில் கிடைப்பதில் பலதும் வகுப்புக்கு ஆகும், ஆனால் குன்றிமணி ஆகவே ஆகாது. சிவப்பில் கறுப்புப் பொட்டோடு அழகாக இருப்பதால் பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு வருவார்கள், ரீச்சர்மாரும் எண்ணக் கொடுக்கிறார்கள், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். முழுதாக விழுங்கினால் கெட்டித்தோல் பெரும்பாலும் நஞ்சை உள்ளேயே வைத்திருக்கும் என்பது உண்மைதான், ஆனால் கடித்தாலோ, மாலை கோக்க ஓட்டை போட்டிருந்தாலோ கதை வேறு. மென்று விழுங்கிய ஒரே ஒரு மணி ஒரு பிள்ளையைக் கொல்லப் போதும். மாலை கோக்கக் கொடுப்பது எண்ணக் கொடுப்பதை விட மோசம் என்று சொல்வது அதனால்தான். முழுச் சிவப்பாக இருப்பது மஞ்சாடி, அது வேறு, இந்தளவு ஆபத்தில்லை. என்றாலும் இரண்டும் கலந்து வந்துவிடும், அதனால் சிவப்பு மணியே வகுப்புக்குள் வேண்டாம். நஞ்சுள்ள ஆமணங்கொட்டையும் வேண்டாம். பிள்ளை குன்றிமணியை வாயில் போட்டது தெரிந்தால், வாந்தி வரட்டும் பார்ப்போம் என்று நிற்காதீர்கள். குணங்குறி தெரிய மணிக்கணக்காகலாம், சில நேரம் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். மிச்ச மணி ஒன்றையும் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

எங்கள் மண்ணில் இன்னொன்றும் இருக்கிறது, போர் விட்டுப்போன வெடிபொருள். "வித்தியாசமான பொருள் ஒன்று கொண்டு வாருங்கோ" என்று பிள்ளைகளை ஒருபோதும் அனுப்பாதீர்கள். கொட்டையோ இலையோ நீங்களே பள்ளி முற்றத்தில் பொறுக்குங்கள். தெரியாத இரும்பைக் கண்டால் தொடாமல் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதை ஒரு விளையாட்டாகவே கிழமைக்கு ஒருமுறை நடித்துக் காட்டுங்கள்.

தாய்மாரை ஒரு காலையில் வரச் சொல்லி, பாயில் இருத்தி, அந்தப் புளியங்கொட்டையைப் பிள்ளைகளோடு சேர்ந்து போடச் சொல்லுங்கள். கூட்டம் வைத்து விளக்குவதை விட இது வேகமாகப் புரியும். கடன் படிவத்தை இன்னும் கொடுக்கவில்லை என்றால் கிழித்துவிடுங்கள். கொடுத்திருந்தால், திங்கட்கிழமை காலையிலேயே போய்த் திருப்பி வாங்குங்கள்.